எமர்ஜென்சி ஸ்க்ரைப் வேலை: மருத்துவச் சொற்களை எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி இது: அமெரிக்காவில் உயிரியல் படித்து முடித்திருக்கிறீர்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைபாக, அதாவது டாக்டரின் கூடவே இருந்து நோயாளியின் பதிவைத் தட்டச்சு செய்பவராகச் சேரப் போகிறீர்கள். பயிற்சி தொடங்க இரண்டு வாரம் இருக்கிறது. சில நூறு சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வேலை எப்படி ஓடும், இந்தச் சொற்களை எப்படித் தலையில் ஏற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இரண்டரை வருடம் இந்த வேலை பார்த்தேன். கடைசி எட்டு மாதம் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். நான் பார்த்தவரை, பட்டியலை அகர வரிசையில் ஒப்பித்துவிட்டு வந்தவர்கள்தான் முதல் ஷிஃப்டில் அதிகம் திணறினார்கள். அவர்களுக்குச் சொல் தெரியும், டாக்டர் அதை இந்த நேரத்தில் ஏன் சொன்னார் என்பது தெரியாது. அது தெரியாவிட்டால் காதில் விழுந்த சொல் விரலுக்கு வந்து சேராது. அதனால் தலைகீழாகத் தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. இந்த நோயாளியைப் பார்த்ததும் டாக்டர் எதற்குப் பயப்படுகிறார் என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். சொற்கள் அதன் பின்னாலேயே வரும்.

ஒரு முதுகுவலிக்காரரை எடுத்துக்கொள்வோம். பெட்டி தூக்கினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் இரண்டு நிமிடம் அதைக் கேட்டுவிட்டுத் திடீரென்று, "சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? மலம் தெரியாமல் போய்விடுகிறதா? உட்காரும் இடம் மரத்துப் போயிருக்கிறதா?" என்கிறார். புதிய ஸ்க்ரைபுக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றும், எழுதாமல் விட்டுவிடுவார். உண்மையில் அந்தப் பதிவிலேயே அதிக மதிப்புள்ள வரிகள் அவைதான். தண்டுவடத்தின் கீழ் முனையில் குதிரை வால்போலத் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்கினால் இந்த மூன்றும் வரும். அதன் பெயர் காடா ஈக்வைனா சிண்ட்ரோம். குதிரையில் ஏறினால் சேணம் படுகிற இடம் மரத்துப் போவதற்கு 'சேடில் அனஸ்தீசியா' என்று பெயர். அடுத்து, காய்ச்சல் உண்டா, ஊசியில் போதைப்பொருள் ஏற்றும் பழக்கம் உண்டா என்று கேட்பார். தண்டுவடத்தை ஒட்டிச் சீழ் கட்டியிருக்குமோ என்ற பயம் அது. முன்பு புற்றுநோய் வந்ததா என்பது, அது எலும்புக்குப் பரவியிருக்குமோ என்பதற்காக. வயதானவர் என்றால் கையை வயிற்றில் வைத்து அழுத்திப் பார்ப்பார். பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தாலும் முதுகுதான் வலிக்கும்.

இதற்கெல்லாம் வரும் பதில் பெரும்பாலும் "இல்லை" தான். அந்த 'இல்லை'களை வரிசையாக எழுதுவதுதான் ஸ்க்ரைபின் கைவேலை. பெர்ட்டினென்ட் நெகட்டிவ் என்பார்கள். இந்த முதுகுவலியை ஏன் எம்ஆர்ஐ எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினார் என்று ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், பதில் சொல்லப் போவது அந்த வரிகள்தான். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் நிறுத்துங்கள்: கேட்காத கேள்விக்கு 'இல்லை' எழுதக் கூடாது. டாக்டர் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் பதிவிலும் காய்ச்சல் பேச்சே வரக் கூடாது. வழக்கமாகக் கேட்பாரே என்று நீங்களாக நிரப்பினால் அது பொய்.

எனவே இந்த இரண்டு வாரத்தில் பத்துத் தாள் தயார் செய்யுங்கள். நெஞ்சு வலி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், தலைவலி, முதுகுவலி, தலைசுற்றல், காய்ச்சல், வாந்தி, கீழே விழுந்தது, வெட்டுக்காயம். எமர்ஜென்சிக்கு வரும் கூட்டத்தில் பெரும் பங்கு இந்தப் பத்துக்குள் அடங்கிவிடும். தாளின் தலையில் புகார். அடியில், தவறவிட்டால் ஆளையே பறிகொடுக்கக் கூடிய மூன்று நான்கு நோய்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைப் பிடிக்க டாக்டர் கேட்கும் கேள்வி, தொட்டுப் பார்க்கும் இடம், அனுப்பும் சோதனை. வயிற்று வலித் தாளில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண் என்றால் கர்ப்பச் சோதனை வந்தாக வேண்டும். கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருந்தால் அதுவும் வெறும் வயிற்று வலியாகத்தான் வந்து நிற்கும். ஒரு தாளுக்கு ஒரு மாலை வைத்துக்கொண்டால் பத்து நாளில் முடியும். உங்கள் பட்டியலில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும்.

மிச்சமுள்ள சொற்களுக்கு, தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. கிரேக்க, லத்தீன் சொற்கள் ஒட்டுவதும் நம் சொற்கள் புணர்வதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். கோலிசிஸ்டைட்டிஸ் என்று கேட்டால் பயமாக இருக்கும். பிரித்துப் பாருங்கள். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, ஐட்டிஸ் என்றால் அழற்சி. பித்தப்பை அழற்சி. அதே மூன்று துண்டுகள், அதே வரிசை. முன்னால் 'டாக்கி' வந்தால் வேகம், 'பிராடி' வந்தால் மந்தம், 'டிஸ்' வந்தால் சிரமம். பின்னால் 'ஈமியா' வந்தால் ரத்தத்தில், 'யூரியா' வந்தால் சிறுநீரில். 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிட்டார்கள், 'ஆட்டமி' என்றால் கீறித் திறந்தார்கள், 'ஆஸ்டமி' என்றால் வெளியே திறக்கும் துளை வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு நாற்பது துண்டு தெரிந்தால் போதும், நீங்கள் கேட்டே இராத சொல்லையும் ஊகித்துவிடலாம். மருந்துகளும் அப்படியே, வாலைப் பார்த்தால் குடும்பம் தெரியும். 'ஓலால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர், 'பிரில்' என்றால் ரத்த அழுத்தத்துக்கு, 'ஸ்டாட்டின்' என்றால் கொழுப்புக்கு, 'பிரசோல்' என்றால் வயிற்று அமிலத்துக்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை மட்டும் வணிகப் பெயரோடு சேர்த்து மனப்பாடமே செய்துவிடுங்கள். எலிக்விஸ் என்பது அபிக்ஸபான், ஸரெல்டோ என்பது ரிவரொக்ஸபான், கூமடின் என்பது வார்ஃபரின். தலையில் அடிபட்டு வந்த முதியவர் இவற்றில் ஒன்றைச் சாப்பிடுகிறார் என்றால் டாக்டரின் முகமே மாறிவிடும்.

காதில் மோசம் போகும் ஜோடிகள் சில உண்டு. ஏஃபெப்ரைல் என்றால் காய்ச்சல் இல்லை. ஏ-ஃபிப் என்றால் இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கிறது. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பால்பிடேஷன் என்பது நோயாளி உணரும் படபடப்பு, பால்பேஷன் என்பது டாக்டர் கையால் அழுத்திப் பார்ப்பது. ஒன்று நோயாளி சொன்ன பகுதிக்குப் போக வேண்டும், மற்றது பரிசோதனைப் பகுதிக்கு. நான் மாட்டிக்கொண்டது டிஸ்ஃபேஜியாவில். விழுங்குவதில் சிரமம் என்று டாக்டர் சொன்னதை டிஸ்ஃபேசியா என்று அடித்துவிட்டேன். அது சொல் வராமல் பேச்சு தடுமாறுவது, பக்கவாதத்தின் அடையாளம். தொண்டையில் இறைச்சித் துண்டு சிக்கி வந்தவர் என் பதிவில் பக்கவாத நோயாளி ஆகிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் டாக்டர் பிடித்துவிட்டார். திட்டவில்லை. "இவருக்கு மூளை ஸ்கேன் எடுக்காமல் ஏன் விட்டேன் என்று நாளைக்கு நானே யோசித்திருப்பேன்" என்றார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு: மயக்கம். நம் பேச்சில் தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். எமர்ஜென்சியில் இவை மூன்று தனித்தனிப் பாதைகள். அறையே சுழல்கிறது என்றால் வெர்டிகோ, காதையோ சிறுமூளையையோ பார்க்க வேண்டும். விழப்போகிற மாதிரி இருந்தது என்றால் ரத்த அழுத்தம், நீரிழப்பு, ரத்தக் கசிவு. நினைவு தப்பி விழுந்தே விட்டார் என்றால் சின்கபி, இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பார்த்தாக வேண்டும். நோயாளி ஆங்கிலத்தில் 'டிஸ்ஸி' என்றாலும் குழப்பம் இதேதான். அதனால்தான் டாக்டர் "சுற்றியதா, விழப் பார்த்ததா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். நீங்கள் 'டிஸ்ஸி' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அவர் கேட்டதெல்லாம் வீண்.

இதையொட்டி இன்னொன்று. என்றாவது ஒரு நாள் தமிழ்ப் பாட்டி ஒருவர் வருவார், எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். மொழிபெயர்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது விதி, தொலைபேசியிலோ திரையிலோ கிடைப்பார்கள். பாட்டியிடம் வணக்கம் சொல்லலாம், தப்பில்லை. அவர் சொல்லும் 'மயக்கம்' எந்த மயக்கம் என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை.

சரி, வேலை எப்படி ஓடும் என்பதற்கு வருகிறேன். காகிதத்தில் நேர்கோடுதான். ஆள் வருகிறார், பெயர் பதிகிறார்கள், யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் ட்ரையாஜ் நர்ஸ் நாடி, அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் பார்த்து 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுக்கிறார். ஈஎஸ்ஐ என்பது அதன் பெயர். 1 என்றால் இந்த நொடியே உயிர் காக்கும் வேலை தொடங்க வேண்டும். 2 என்றால் ஆபத்தான நிலை, காக்க வைக்கக் கூடாது. 3, 4, 5 என்பவை எத்தனை விதமான வேலை தேவைப்படும் என்ற கணக்கு. ரத்தச் சோதனை, ஸ்கேன், நரம்பு வழி மருந்து என்று இரண்டோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் 3, ஒன்று போதும் என்றால் 4, ஒன்றும் வேண்டாம் என்றால் 5. மாத்திரைச் சீட்டு மட்டும் வாங்க வந்தவர் 5. காத்திருப்பவர் "எனக்குப் பின்னால் வந்தவர் எப்படி முன்னால் போனார்?" என்று சத்தம் போடுவதற்குக் காரணம் இந்த எண்தான். பணம், காப்பீடு எதுவும் இந்த வரிசையைத் தொடாது. எம்டாலா என்ற 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருகிற எவருக்கும் கட்டண வசதி பாராமல் மருத்துவப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

அப்புறம் அறை, டாக்டர், சோதனைகள், முடிவுகள், மறுபார்வை, கடைசியில் டிஸ்போ. வீட்டுக்கா, வார்டுக்கா, வேறு மருத்துவமனைக்கா என்ற தீர்ப்புக்குத்தான் அந்தப் பெயர். நடைமுறையில் இந்தக் கோடு நேராக ஓடுவதே இல்லை. டாக்டர் ஒரே சமயத்தில் எட்டு, பத்துப் பேரைக் கையில் வைத்திருப்பார். மூன்றாம் அறைக்குப் போகிற வழியில் ஒரு டெக்னீஷியன் ஈகேஜி (நம் ஊர் ஈசிஜி) தாளை நீட்டுவார், ஏழாம் அறையின் ஸ்கேன் பற்றி ரேடியாலஜிஸ்ட் போன் செய்வார், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். புதியவர்கள் இதில் தொலைந்து போவதற்குக் காரணம், ஒவ்வொரு நோயாளியையும் முழுக் கதையாக நினைவில் வைக்கப் பார்ப்பதுதான். அது முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு கேள்வி போதும்: இவர் இப்போது எதற்காகக் காத்திருக்கிறார்? நான்காம் அறை இரண்டாவது ட்ரோபோனினுக்கு, அதாவது இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனைக்கு. ஆறு சிறுநீருக்கு. ஒன்பது அறுவை மருத்துவர் திரும்ப அழைப்பதற்கு. நான் நான்காக மடித்த ஒரு தாளில் அறை எண்ணும் அந்த ஒரு சொல்லும் மட்டும் எழுதி வைத்திருப்பேன். "நாலாம் அறைக்கு இரண்டாவது ட்ரோபோனின் வந்துவிட்டது" என்று டாக்டரிடம் முதல்முறை நீங்களாகச் சொல்லும் நாளில், உங்களை வெறும் தட்டச்சுக்காரராகப் பார்ப்பதை அவர் நிறுத்திவிடுவார். அந்தத் தாளை ஷிஃப்ட் முடிந்ததும் கிழிக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும், பையில் வீட்டுக்கு வரக் கூடாது. நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தில் மாட்டிக்கொள்ள அந்தத் துண்டுத் தாள் போதும்.

நெஞ்சு வலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், எல்லாச் சங்கதியும் அதில் வந்துவிடும். நீங்கள் அறைக்குள் நுழையும் முன்பே ஈகேஜி எடுத்திருப்பார்கள், வாசலில் கால் வைத்த 10 நிமிடத்துக்குள் அது டாக்டர் கண்ணில் பட வேண்டும் என்பது இலக்கு. அவர் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு என்று அதிலேயே தெரிந்துவிட்டால், 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க ஓடுவார்கள். தெரியவில்லை என்றால் கதை கேட்கும் படலம். புதியவர் எழுதும் பதிவு இப்படி இருக்கும்: "62 வயது ஆண், இரண்டு மணி நேரமாக நெஞ்சு வலி. வியர்வை உண்டு. வாந்தி இல்லை." தப்பு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. பழகியவர் எழுதுவது: "62 வயது ஆண், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு முன் மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவில் அழுத்துவது போன்ற வலி தொடங்கி இடது தோளுக்குப் பரவியது, கூடவே வியர்த்தது. உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் குறைந்தது. மூச்சிழுத்தால் கூடவில்லை. முதுகுக்குப் பாயவில்லை. கால் வீக்கமோ அண்மையில் நீண்ட பயணமோ இல்லை."

இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு கதவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் குறைந்தால் இதயம். மூச்சிழுத்தால் கூடுமானால் நுரையீரலின் உறை, அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி. கால் வீக்கத்தையும் பயணத்தையும் கேட்பது அந்தக் கட்டிக்காகத்தான். கிழிக்கிற மாதிரி முதுகுக்குப் பாய்ந்தால் பெருந்தமனியின் சுவர் பிளக்கிறதோ என்ற பயம். நோயாளி தானாகவே "கிழிக்கிற மாதிரி" என்று சொல்லியிருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் அவர் வார்த்தையிலேயே போடுங்கள், 'கடுமையான வலி' என்று மெருகேற்றிவிடாதீர்கள்.

பிறகு டாக்டர் "ஹார்ட் ஸ்கோர் நாலு" என்பார். நெதர்லாந்தில் உருவாகி 2008-ல் வெளிவந்த கணக்கு அது. நோயாளி சொன்ன கதை, ஈகேஜி, வயது, ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின் என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 3 வரை வந்தால் குறைந்த ஆபத்து, பெரும்பாலும் வீட்டுக்கு. நாலு என்றால் யோசனை. அந்த எண்ணைப் போட வேண்டியது அவர், நீங்கள் இல்லை. ஆனால் அவர் நாலு என்று சொல்லும்போது எந்த நான்கு என்று உங்களுக்குப் புரிந்திருந்தால், எம்டிஎம் என்கிற முடிவெடுத்த விதத்தைச் சொல்லும் பகுதியை அவர் அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனாலும் நீங்கள் ஒழுங்காக எழுதிவிடுவீர்கள். அந்தப் பகுதிதான் இப்போது பதிவின் முதுகெலும்பு. 2023 ஜனவரி முதல், எமர்ஜென்சிப் பார்வையின் கட்டண நிலையை நிர்ணயிப்பது முடிவெடுத்தலின் சிக்கல்தான். முன்பு பத்து உறுப்பு மண்டலங்களைப் பற்றியும் கேட்டதாகக் கட்டம் கட்டமாக டிக் அடித்துப் பக்கத்தை நிரப்புவோம். பழைய பயிற்சிக் குறிப்புகளில் அது இன்னும் இருக்கலாம். அதற்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு சங்கதி, இதில் பலர் ஏமாறுவார்கள். பக்கவாதம் என்று ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். மனைவி சொல்கிறார்: "காலை 7 மணிக்கு எழுந்தார், வாய் கோணியிருந்தது." நீங்கள் 'தொடக்கம் காலை 7' என்று எழுதினால் தவறு. அவர் கடைசியாக நன்றாக இருந்தது இரவு பத்தரைக்குப் படுக்கப் போனபோது. அதுதான் 'லாஸ்ட் நோன் வெல்'. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கடிகாரம் பத்தரையிலிருந்து ஓடுகிறது. நீங்கள் அடித்த ஓர் எண்ணை நம்பி யாராவது கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தயாராக வைத்திருக்கும் வார்ப்புருக்களைப் பற்றி எச்சரிக்கை. ஒரு பொத்தானை அழுத்தினால் முழு உடல் பரிசோதனையும் 'இயல்பு' என்று வந்து விழும். டாக்டர் சொன்னதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்பது ஏற்பாடு. என் மூன்றாவது வாரத்தில், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுக்கப்பட்டவருக்கு 'இரு பாதங்களிலும் நாடி சமமாக இருக்கிறது' என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. டாக்டரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நோயாளி வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். ஆமாம், அவர்கள் படிப்பார்கள். 2021 ஏப்ரலில் வந்த விதிக்குப் பிறகு நோயாளிகள் பெரும்பாலான குறிப்புகளைக் காத்திருக்காமல் இணையத்தில் பார்க்கலாம். எனவே 'குடிப்பதை மறுக்கிறார்' என்ற பழைய மருத்துவ நடையைக்கூட 'குடிப்பழக்கம் இல்லை என்கிறார்' என்று எழுதப் பழகுங்கள். மறுக்கிறார் என்றால் ஏதோ போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது.

எண்களில் இரண்டு வழக்கம். 1.0 மில்லிகிராம் என்று எழுதாதீர்கள், புள்ளி கண்ணில் படாவிட்டால் பத்து. .5 என்றும் எழுதாதீர்கள், அது ஐந்தாகிவிடும், 0.5 என்றே எழுத வேண்டும். 'எம்எஸ்' என்ற சுருக்கமும் கூடாது, மார்ஃபினா மக்னீசியமா என்ற குழப்பம் வரும். ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே இப்படி ஒரு தடைப்பட்டியல் போட்டுவிட்டது. இன்னொன்று, ஜிசிஎஸ் என்ற நினைவு அளவுகோல் 3-ல் தொடங்கி 15-ல் முடியும். பூச்சியம் கிடையாது, உயிரே இல்லாவிட்டாலும் 3 தான். நான் பயிற்சி கொடுத்த ஒருவர் 0 என்று எழுதிவிட்டார், அன்றைக்கு முழுக்க நர்ஸுகள் அவரைப் பூச்சியம் என்றே கூப்பிட்டார்கள்.

வெட்டுக்காயம் சுலபம், முதல் வாரத்தில் தன்னம்பிக்கை கொடுப்பதும் அதுதான். எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம், உள்ளே கண்ணாடி மண் ஏதும் உண்டா, காயத்தைத் தாண்டிய பகுதியில் உணர்வும் அசைவும் ரத்த ஓட்டமும் எப்படி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது, மரத்துப்போக எந்த மருந்து எவ்வளவு, எந்த நூல், எத்தனை தையல். தையலை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். டாக்டருக்கு முடிச்சில்தான் கவனம் இருக்கும். வலது, இடது என்பதை ஒவ்வொரு முறையும் நோயாளியின் பக்கமாக யோசியுங்கள். எதிரில் நிற்கும்போது மாறிவிடும்.

உயிர் காக்கும் அறையில் உங்களுக்கு வேலை குறைவு. நேரப் பதிவை ஒரு நர்ஸ் பார்த்துக்கொள்வார். எபினெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாடி பார்ப்பது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று அவர் கத்துவது ஒரு தாளம்போல் கேட்கும். சுவரோரம் நின்று, டாக்டர் வாய்விட்டுச் சொல்வதையும் அவர் கையால் செய்வதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டாக்டர் கிரிட்டிகல் கேர் நேரம், அதாவது உயிராபத்தில் இருந்தவரைக் கவனித்த நேரம், எத்தனை நிமிடம் என்று கட்டணக் கணக்குக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். 30 நிமிடத்துக்குக் குறைந்தால் அந்தக் கணக்கே கிடையாது. குழாய் போட்டது போன்ற தனிச் செய்முறைகளின் நேரத்தையும் அதில் சேர்க்கக் கூடாது. எண்ணை அவர் சொல்லட்டும். முதல்முறை ஒருவர் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்த அன்று நான் கழிப்பறையில் பத்து நிமிடம் இருந்தேன். வெளியே வந்தபோது டாக்டர் பன்னிரண்டாம் அறையில் ஒரு குழந்தையின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் சிரிப்போடு. கதவைச் சாத்தியதும் என்னிடம் "நீ சரியாக இருக்கிறாயா?" என்றார். கேட்காவிட்டால் நீங்களே போய்ப் பேசுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே, இந்த வேலையில் சேரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வந்துவிட்டன, இடங்கள் குறையவும் கூடும். ஆனால் உங்கள் நோக்கம் மருத்துவம் படிப்பது. ஒரு டாக்டர் பயப்படுகிற விதத்தை நாளுக்குப் பத்து மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கிற வாய்ப்புக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

முதல் ஷிஃப்டுக்கு அரை மணி முன்னால் போய், காத்திருக்கும் நோயாளிகளின் ட்ரையாஜ் குறிப்பைப் படியுங்கள். டாக்டரைப் பார்த்ததும் இரண்டே கேள்வி. கதையை அறையிலேயே அடிக்கவா, வெளியே வந்து நீங்கள் சொல்லச் சொல்ல அடிக்கவா? பரிசோதனையை வாய்விட்டுச் சொல்வீர்களா, வெளியே வந்து சொல்வீர்களா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஒருவர் எல்லாவற்றையும் முனகுவார், இன்னொருவர் மூன்று நோயாளிகளை ஒன்றாகச் சொல்வார். பதிலைச் சின்ன நோட்டில் அவர் பெயர் போட்டு எழுதிவையுங்கள், அடுத்த வாரம் அதே ஆளோடு போட்டால் உதவும். ஏதாவது காதில் விழவில்லை என்றால் அப்போதே கேட்டுவிடுங்கள், நடைபாதையில் வைத்து. பத்து நோயாளிகளுக்குப் பிறகு கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.